சொல் கேளாத திசு: கருப்பை உட்சுவரும் எண்டோமெட்ரியோசிஸும்

மாசித் தெப்பத் திருவிழாவின்போது சிவகங்கை மாவட்டத்துத் திருக்கோஷ்டியூர்க் குளக்கரையில் விளக்கேற்ற வரும் பெண்களில் பெரும்பாலோருக்கு வேண்டுதல் இரண்டில் ஒன்றுதான். கல்யாணம் கூடிவர வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் ஒரு பிள்ளை தங்க வேண்டும். கரையில் எரியும் விளக்கில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக் கும்பிடுவார்கள். வேண்டியது நடந்தால் அடுத்த மாசிக்கு வந்து புது விளக்கு ஏற்றுவார்கள். சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலுக்குள் சந்தான கிருஷ்ணனிடமும் இதே வேண்டுதல்தான்.

பிள்ளை இல்லை என்றால் ஊர் உடனே விசாரிக்கும். கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினால் போதும், 'ஏதும் விசேஷம் உண்டா?' என்று தெருவே கேட்கும். அதே பெண் பதினைந்து வயதில் மாதாமாதம் மூன்று நாள் சுருண்டு படுத்தாளே, அப்போது கிடைத்த பதில் வேறு: 'எங்களுக்கெல்லாம் வலிக்கலையா? கல்யாணமானா எல்லாம் சரியாப் போயிரும்.' கூடவே உளுந்தங்களி, வெந்தயம், மருந்துக்கடையில் வாங்கிய ஒரு மெஃப்டால் மாத்திரை. வலியை யாரும் விசாரிக்காத வயதுக்கும் பிள்ளையை எல்லோரும் விசாரிக்கும் வயதுக்கும் நடுவே கிடக்கும் ஆண்டுகளில்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் சத்தமில்லாமல் வேலை செய்கிறது.

கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே ஒட்டி வளர்வதுதான் இந்த நோய். சூலகம், கருக்குழாய், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடைப்பட்ட பள்ளம், வயிற்றறையை மூடிய மெல்லிய உறை என்று அது எங்கும் ஒட்டும். சூலகத்துக்குள் பழைய ரத்தம் தேங்கிப் பழுப்புக் குழம்பாக நிற்பதை மருத்துவர்கள் 'சாக்லேட் சிஸ்ட்' என்கிறார்கள். ஸ்கேன் அறிக்கையில் அந்தச் சொல்லைப் படித்த பிறகுதான் பல குடும்பங்களுக்கு நோயின் பெயரே தெரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களிலும் சிறுமிகளிலும் சுமார் 10 விழுக்காட்டினருக்கு, அதாவது உலகெங்கும் 19 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. அவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினர் கருத்தரிக்கச் சிரமப்படுகிறார்கள் என்று மருத்துவ நூல்கள் குறிக்கின்றன.

இது ஹார்மோன் நோய் என்று எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். அப்படியானால் இந்தப் பெண்களின் ரத்தத்தைப் பரிசோதித்தால் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்ட்ரோனும் ஏன் பெரும்பாலும் சரியான அளவிலேயே இருக்கின்றன? கடந்த நூறு ஆண்டு ஆராய்ச்சியைப் புரட்டினால், அதன் சாரமே இந்தக் கேள்விக்கான பதில்தான் என்று சொல்லிவிடலாம். கோளாறு ரத்தத்தில் இல்லை, திசுவில் இருக்கிறது. அந்தத் திசு தனக்குத் தேவையான ஈஸ்ட்ரோஜனைத் தானே தயாரித்துக்கொள்கிறது. புரொஜெஸ்ட்ரோன் சொல்வதைக் கேட்க மறுக்கிறது.

உட்சுவரின் ஒரு மாதம்

நோயை விளங்கிக்கொள்ள முதலில் நோயில்லாத உட்சுவரைப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு அடுக்கு. அடியடுக்கு நிலையானது. மேலடுக்கு ஒவ்வொரு மாதமும் உதிர்ந்து மறுபடி எழும்புவது. மாதவிலக்கு முடிந்ததும் சூலகத்தில் வளரும் கருமுட்டைப் பை எஸ்ட்ராடையாலைச் சுரக்கிறது. ஈஸ்ட்ரோஜன் வகையில் வீரியம் மிக்கது இதுதான். அதன் தூண்டலால் செல்கள் பெருகி, சில மில்லிமீட்டர் இருந்த உட்சுவர் மளமளவெனத் தடிக்கிறது. முட்டை வெளியேறிய பின் காலியான பை மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறிப் புரொஜெஸ்ட்ரோனைச் சுரக்கிறது. அது பெருக்கத்தை நிறுத்தி உட்சுவரைப் பக்குவப்படுத்துகிறது. நார்த்திசுச் செல்கள் பருத்து, கருவுக்கு இடம் கொடுக்கும் தன்மையைப் பெறுகின்றன. கரு வராவிட்டால் மஞ்சள் சுரப்பி சுருங்கும், புரொஜெஸ்ட்ரோன் சரியும், மேலடுக்கு உதிரும்.

இந்த நாலு வரிக் கதை எளிதில் கிடைத்ததல்ல. 1929இல் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் ஜார்ஜ் கார்னரும் வில்லார்ட் ஆலனும் சூலகம் அகற்றப்பட்ட முயல்களுக்கு மஞ்சள் சுரப்பியின் சாற்றை ஏற்றி, கர்ப்பம் கலையாமல் காத்துக் காட்டினார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1934இல், புரொஜெஸ்ட்ரோன் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. உட்சுவர் உதிர்வதைக் கண்ணால் பார்க்க ஜே. ஈ. மார்க்கீ என்ற ஆய்வாளர் செய்த வேலை இன்னும் வியப்பானது. ரீசஸ் குரங்கின் உட்சுவர்த் துணுக்கை அதே குரங்கின் கண்ணில், கருவிழிக்குப் பின்னுள்ள திரவ அறையில் ஒட்டவைத்தார். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல அந்தத் துணுக்கு மாதாமாதம் மாறுவதைப் பார்த்து 1940இல் பதிவு செய்தார். ஹார்மோன் சரிந்ததும் சுருள் தமனிகள் இறுகின, திசு வெளுத்தது, பின் ரத்தம் கசிந்தது. ஹார்மோன் சொன்னால், கண்ணுக்குள் இருந்தாலும் அந்தத் திசு மாதவிலக்காகும் என்று தெரிந்தது. வயிற்றறையில் ஒட்டிய திசு ஏன் மாதாமாதம் கசிந்து அழற்சியை உண்டாக்குகிறது என்பதற்கும் அதுவே விடை.

எல்லா விலங்குக்கும் மாதவிலக்கு வருவதில்லை. மனிதர், வாலில்லாக் குரங்குகள், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள், சில வௌவால்கள், இன்னும் ஓரிரு சிறு விலங்குகள், அவ்வளவுதான். ஆய்வகச் சுண்டெலிக்குக் கிடையாது. இந்த ஆராய்ச்சி மெதுவாக நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம். நம் பக்கத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் என். ஆர். மௌட்கலும் அவர் வழிவந்தவர்களும் தென்னிந்திய நாட்டுக் குரங்கை வைத்தே இனப்பெருக்க ஹார்மோன்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். உள்ளூர்க் குரங்கு உலக அறிவியலுக்குச் செய்த உபகாரம் அது.

ஹார்மோன் எப்படிப் 'பேசுகிறது' என்பதை 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் பிடித்தார். கதிரியக்க அடையாளமிட்ட எஸ்ட்ராடையாலை எலிகளுக்குக் கொடுத்தபோது, உடலெங்கும் சென்ற ஹார்மோன் மற்ற இடங்களில் கரைந்து போக, கருப்பை போன்ற சில உறுப்புகளில் மட்டும் தங்கி நின்றது. அங்கே அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதம் இருந்தது. ராமானுஜர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று, குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை எல்லோருக்கும் உரக்கச் சொன்னார் என்பது ஐதீகம். ஹார்மோனும் ரத்தத்தில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் செய்திதான். ஏற்பி என்ற காது உள்ள செல்லுக்குத்தான் அது கேட்கும். ஹார்மோனைப் பற்றிக்கொண்ட ஏற்பி செல்லின் கருவுக்குள் டிஎன்ஏவில் அமர்ந்து சில மரபணுக்களை எழுப்புகிறது, சிலவற்றை அடக்குகிறது.

ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரே ஒரு ஏற்பிதான் என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம்பியிருந்தார்கள். 1996இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான்-ஓகே குஸ்தாஃப்சன் குழு இரண்டாவதைக் கண்டது. பழையதற்கு ஆல்ஃபா, புதியதற்கு பீட்டா என்று பெயர். புரொஜெஸ்ட்ரோன் ஏற்பியிலும் ஏ, பி என இரண்டு வடிவங்கள். நலமான உட்சுவரில் ஆல்ஃபாதான் ஆட்சி செய்கிறது. இன்னொரு முக்கியமான செய்தி, புரொஜெஸ்ட்ரோன் ஈஸ்ட்ரோஜனை நேராக எதிர்ப்பதில்லை, சுற்றிவளைத்து எதிர்க்கிறது. புரொஜெஸ்ட்ரோன் சொன்னதும் உட்சுவரின் மேல்தோல் செல் 'இந்திய முள்ளெலி' என்ற வேடிக்கைப் பெயர் கொண்ட ஒரு புரதத்தைச் சுரந்து, கீழுள்ள நார்த்திசுவுக்குத் தகவல் சொல்கிறது. நார்த்திசுவில் ஹேண்ட்-2 என்ற மரபணு எழும்பி, மேல்தோலைப் பெருகச் சொல்லும் வளர்ச்சிக் காரணிகளை நிறுத்துகிறது. ஹேண்ட்-2இன் இந்தப் பங்கை 2011இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் இந்திராணி பாக்சி, மிலன் பாக்சி ஆகியோரின் குழு சுண்டெலியில் காட்டியது. மேலும், புரொஜெஸ்ட்ரோன் வேலை செய்யும் நாட்களில் நார்த்திசு ரெட்டினாயிக் அமிலத்தை அனுப்ப, மேல்தோல் ஒரு நொதியைத் தயாரித்து, வீரியமான எஸ்ட்ராடையாலை வீரியம் குறைந்த எஸ்ட்ரோனாக மாற்றிவிடுகிறது. ஆக, நார்த்திசுவும் மேல்தோலும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருந்தால்தான் மாதச் சுழற்சி ஒழுங்காக நடக்கும். இந்தப் பேச்சு நின்றுபோன இடம்தான் எண்டோமெட்ரியோசிஸ்.

சாம்ப்சன் விட்டுச்சென்ற கேள்வி

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகர மகப்பேறு மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1921இல் சாக்லேட் கட்டிகளை விவரித்தார். 1927இல் அவற்றுக்கு விளக்கமும் சொன்னார். மாதவிலக்கு ரத்தம் வெளியே வருவதோடு, கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றறைக்குள்ளும் சிந்துகிறது. அதிலுள்ள உயிருள்ள திசு அங்கே ஒட்டி முளைக்கிறது என்றார். பிறவியிலேயே பிறப்புவழி அடைபட்ட பெண்களிடம் இந்நோய் அதிகம் காணப்படுவது அவர் பக்கம் பேசுகிறது.

1984இல் வெளியான ஓர் ஆய்வு, கருக்குழாய் திறந்திருக்கும் பெண்களில் மாதவிலக்கு நாட்களில் 90 விழுக்காட்டினருக்கு வயிற்றறையில் ரத்தம் இருப்பதைக் கண்டது. பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தம் பின்னோக்கிப் போகிறது, நோய் வருவதோ பத்தில் ஒருவருக்கு. பின்னோக்கிய ரத்தம் விதை என்றால், முளைக்க வைப்பது எது? சாம்ப்சன் காலத்திலிருந்தே இதற்கு மாற்று விளக்கங்கள் உண்டு. வயிற்றறை உறைச் செல்களே உருமாறுகின்றன என்றனர் சிலர். கருவளர்ச்சியின்போது தவறிய திசுத்துகள்கள் பின்னர் விழிக்கின்றன என்றனர் வேறு சிலர். ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை பெற்ற ஆண்களுக்கு மிக அரிதாக இந்நோய் வந்திருப்பதைப் பார்த்தால், சாம்ப்சனின் விளக்கம் மட்டுமே எல்லாவற்றுக்கும் போதாது என்பது தெளிவு. என் பார்வையில் திசு எங்கிருந்து வந்தது என்ற சண்டையைவிட, வந்த திசு ஏன் சாகவில்லை என்ற கேள்வியே பயன் தருவது. மருந்துகளும் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்திருக்கின்றன.

மாதவிலக்கின் எண்ணிக்கை என்ற கோணத்தையும் விட்டுவிடக் கூடாது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் டோகோன் பெண்களை ஆராய்ந்த பெவர்லி ஸ்ட்ராஸ்மன், அவர்களுக்கு வாழ்நாளில் வரும் மாதவிலக்கு சுமார் நூறு என்று கணக்கிட்டார். எட்டுப் பிள்ளை பெற்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருஷம் பால் கொடுத்த நம் அப்பத்தாக்களின் கணக்கும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்திருக்கும். இன்றைய பெண்ணுக்கு அது 400ஐத் தொடுகிறது. 'அந்தக் காலத்தில் இந்த நோயெல்லாம் ஏது?' என்று கேட்பவர்களுக்குப் பதிலில் பாதி இதுதான். மீதிப் பாதி, அந்தக் காலத்தில் வலியை யாரும் கேட்கவில்லை.

தனக்குத் தானே எண்ணெய் ஊற்றும் நெருப்பு

1990களின் நடுவில் செர்தார் புலுன் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு வெளியிட்ட கண்டுபிடிப்பு இந்தத் துறையைத் திருப்பிப் போட்டது. அரோமட்டேஸ் என்பது ஆண்மை வகை ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் நொதி. சூலகத்தில், கொழுப்பில், தோலில் அது உண்டு. நலமான கருப்பை உட்சுவரில் கிடையாது. ஆனால் வெளியே ஒட்டிய திசுவில் தாராளமாக இருந்தது. அதாவது சூலகத்தை எதிர்பார்க்காமல் அந்தத் திசு தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனைச் சொந்தமாகவே தயாரித்துக்கொள்கிறது.

அந்த அரோமட்டேஸை எழுப்புவது புரோஸ்டாகிளாண்டின் ஈ2. மாதவிலக்கு வலிக்கும் அழற்சிக்கும் காரணமான அதே வேதிப்பொருள். ஈஸ்ட்ரோஜனோ, புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும் காக்ஸ்-2 நொதியைத் தூண்டுகிறது. ஈஸ்ட்ரோஜன் கூடினால் புரோஸ்டாகிளாண்டின் கூடும், அது கூடினால் அரோமட்டேஸ் கூடும், மறுபடி ஈஸ்ட்ரோஜன் கூடும். வட்டம் மூடிவிட்டது. வலியும் வளர்ச்சியும் ஒரே வட்டத்தின் இரு முனைகள். மருந்துக்கடையில் வாங்கும் மெஃப்டால் மாத்திரையில் உள்ள மெஃபனமிக் அமிலம் இந்த வட்டத்தின் ஒரு கண்ணியைச் சில மணி நேரம் அறுக்கிறது, அவ்வளவே. மாத்திரை கேட்கிறது என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

இதற்கு அழுத்தமான சான்று 1998இல் வந்தது. கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டு, மாதவிலக்கும் நின்றுபோன ஒரு பெண்ணுக்கு நோய் கடுமையாகத் திரும்பியது. அரோமட்டேஸ் தடுப்பு மருந்து கொடுத்ததும் கட்டி சுருங்கியது. சூலகமே இல்லாத உடலில் ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அந்தச் சுருக்கமே பதில். 'கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது' என்று கிராமத்திலும் நகரத்திலும் சுலபமாகச் சொல்கிறவர்கள் இந்த நோயாளியின் கதையை ஒருமுறை யோசிக்க வேண்டும். நோய் இருப்பது கருப்பைக்கு வெளியே.

எஸ்ட்ராடையாலை எஸ்ட்ரோனாக மாற்றி வீரியமிழக்கச் செய்யும் என்று முன்பு சொன்ன நொதியும் இந்தத் திசுவில் குறைவு என்று அதே 1998இல் காட்டினார்கள். தயாரிப்பு கூடுதல், அழிப்பு குறைவு. போதாததற்கு ஏற்பிகளும் தலைகீழாயின. இத்திசுவில் பீட்டா வகை ஏற்பி பல மடங்கு பெருகியிருக்கிறது. அந்த ஏற்பியின் மரபணுவை வழக்கமாக அடக்கிவைக்கும் மெத்தில் என்ற வேதிப்பூட்டு இங்கே கழன்றிருப்பதே காரணம். பெருகிய பீட்டா ஆல்ஃபாவை அடக்குகிறது. ஆல்ஃபா அடங்கினால் புரொஜெஸ்ட்ரோன் ஏற்பியும் குறைகிறது, ஏனென்றால் அதை எழுப்புவது ஆல்ஃபாதான். 2000இல் வெளியான ஆய்வில், வெளியே ஒட்டிய திசுவில் புரொஜெஸ்ட்ரோனின் பி வடிவ ஏற்பி காணவே கிடைக்கவில்லை. 2015இல் பெர்ட் ஓ'மாலி என்ற ஆய்வாளரின் குழு, பீட்டா ஏற்பி செல்களைத் தற்கொலையிலிருந்து தப்பவிடுகிறது, அழற்சியையும் மூட்டுகிறது என்று சுண்டெலியில் நிறுவியது. சாக வேண்டிய திசு சாகாமல் இருப்பதன் ரகசியம் அங்கே பாதி வெளிப்பட்டது.

இவை எல்லாம் சேர்ந்ததற்கு 'புரொஜெஸ்ட்ரோன் எதிர்ப்பு' என்று பெயர். ரத்தத்தில் புரொஜெஸ்ட்ரோன் போதுமான அளவு இருக்கிறது, திசு அதற்கு இணங்குவதில்லை. ஹார்மோன் பரிசோதனை அறிக்கையை நீட்டி, 'எல்லாம் நார்மல்தானே, அப்புறம் ஏன் வலி?' என்று குழம்பும் பெண்ணுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எந்த மருத்துவருக்கும் ஐந்து நிமிஷம் போதும். பெரும்பாலான புறநோயாளிப் பிரிவுகளில் அந்த ஐந்து நிமிஷம்தான் கிடைப்பதில்லை.

கருப்பைக்குள்ளும் கைவரிசை

வெளியே ஒட்டிய திசு கருத்தரிப்பை எப்படிக் கெடுக்கிறது? கருக்குழாய் ஒட்டிக்கொண்டு முறுக்கினால் விளக்கம் சுலபம். குழாய் சரியாக இருந்தும் கரு தங்காத பெண்களிடம்தான் விஷயம் சுவாரசியமாகிறது. இவர்களின் கருப்பைக்குள்ளிருக்கும் சொந்த உட்சுவரிலேயே அந்தப் புரொஜெஸ்ட்ரோன் எதிர்ப்பு ஓரளவு காணப்படுகிறது. கரு பதியும் வாய்ப்பு மாதச் சுழற்சியில் ஏறத்தாழ 20 முதல் 24ஆம் நாள் வரைதான் திறந்திருக்கும். அந்த நாட்களில் ஹாக்ஸ்ஏ-10 என்ற மரபணு எழும்ப வேண்டும். பல எண்டோமெட்ரியோசிஸ் நோயாளிகளிடம் அது போதிய அளவு எழுவதில்லை. நார்த்திசுச் செல்களின் பக்குவமும் அரைகுறையாக நிற்கிறது. இதோடு வயிற்றறைத் திரவத்தின் அழற்சி முட்டையையும் விந்தையும் பாதிக்கிறது.

இது எந்த அளவுக்குக் கருத்தரிப்பைத் தடுக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒற்றுமை இல்லை. உட்சுவரைப் பரிசோதித்து 'பதியும் நாள்' குறித்துத் தரும் விலையுயர்ந்த சோதனைகளைக் கருத்தரிப்பு மையங்கள் விற்கின்றன. அவற்றால் குழந்தைப் பேறு கூடுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மரபணுவைப் பற்றி இரண்டு செய்திகள் போதும். இரட்டையரை வைத்து நடந்த ஆய்வுகளின்படி இந்நோய்க்கான காரணத்தில் ஏறத்தாழ பாதி பரம்பரை. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் கவனமாக இருக்க வேண்டும். 2023இல் 60,674 நோயாளிகளை உள்ளடக்கிய பெரிய ஆய்வு 42 மரபணு இடங்களைக் குறித்தது. அவற்றில் சில ஹார்மோன் தொடர்பானவை, சில வலி உணர்வு தொடர்பானவை. அந்த நோயாளிகள் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளியினர். நம்மவர்களுக்கு அது அப்படியே பொருந்துமா என்பதைக் காண மும்பையில் உள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் (ஐசிஎம்ஆர்) சேர்ந்த தேசிய இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனம் பல மாநில மருத்துவமனைகளைச் சேர்த்து, எண்டோமெட்ரியோசிஸின் நோய்க்குறிகளையும் மரபணுக்களையும் ஆராயும் திட்டத்தை நடத்துகிறது. இந்தியாவில் இந்நோய் பற்றி நடக்கும் முயற்சிகளில் இதைத்தான் முதன்மையாகச் சொல்ல வேண்டும்.

மருந்துகள் எங்கே கைவைக்கின்றன

இதுவரை சொன்ன வட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் மருந்துச்சீட்டு விளங்கும். 1970களில் வந்த டானசால் ஆண்மை வகை மருந்து. வலி குறைந்தது, கூடவே முகத்தில் முடி முளைத்தது, குரல் கனத்தது. மூளை சூலகத்துக்கு அனுப்பும் கட்டளையின் தலைமை ஹார்மோனைக் கண்டறிந்தது உள்ளிட்ட பணிக்காக ஆண்ட்ரூ ஷாலிக்கும் ரோஜர் கியமனுக்கும் 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஹார்மோனின் சாயலில் செய்த ஊசிகள் சூலகத்தையே தற்காலிகமாக உறங்கவைக்கின்றன. எலும்பு தேய்வது அவற்றின் விலை. அதனால் 1992இல் ராபர்ட் பார்பியரி என்ற மருத்துவர் ஒரு நடுவழி சொன்னார்: திசு வளராத, எலும்பும் தேயாத இடைப்பட்ட ஈஸ்ட்ரோஜன் அளவு ஒன்று உண்டு, அந்த அளவில் நிறுத்துங்கள் என்று. இன்று வாய்வழி எடுக்கும் எலகோலிக்ஸ், ரெலுகோலிக்ஸ் போன்றவை அந்தச் சிந்தனையின் வாரிசுகள். எலகோலிக்ஸுக்கு அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தது.

நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது டயனோஜெஸ்ட், நாளுக்கு 2 மில்லிகிராம். புரொஜெஸ்ட்ரோன் வகை மருந்து. திசு புரொஜெஸ்ட்ரோனைக் கேட்காது என்றால் இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொடர்ந்து கொடுக்கும்போது சூலகம் அடங்கி ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, மாதவிலக்கும் நிற்கிறது. திசுவின் எதிர்ப்பு முழுமையாக இல்லாத பெண்களிடம் நேரடிப் பலனும் உண்டு. மூன்றில் ஒருவருக்கு இந்த வகை மருந்துகள் போதிய பலன் தராததற்கு அந்த எதிர்ப்பே காரணம் என்று பலர் கருதுகிறார்கள். கருப்பைக்குள் பொருத்தும் லெவொநார்ஜெஸ்ட்ரல் சாதனமும் இதே குடும்பம்.

அரோமட்டேஸையே தடுக்கும் லெட்ரோசோலுக்கு இந்தியாவில் விசித்திரமான வரலாறு. மார்பகப் புற்றுநோய் மருந்தாக வந்த அதைக் கருமுட்டையைத் தூண்டப் பயன்படுத்துவதற்கு 2011இல் அரசு தடை விதித்தது, 2017இல் தடையை நீக்கியது. எண்டோமெட்ரியோசிஸில் மற்ற மருந்துகள் கைவிடும்போது இதைச் சேர்க்கிறார்கள்.

எல்லா ஹார்மோன் மருந்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. எடுக்கும் காலத்தில் பெரும்பாலானவை கருத்தரிக்க விடாது, நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். பிள்ளை வேண்டும் என்பவளுக்கும் வலி தாங்க முடியாதவளுக்கும் ஒரே மருந்துச்சீட்டு எழுத முடியாது. கருத்தரிப்பை மேம்படுத்துவதற்காகச் சூலகத்தை அடக்கும் மருந்து கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. சாக்லேட் கட்டியை வெட்டியெடுக்கும்போது சூலகத்தின் முட்டைக் கையிருப்பும் குறையலாம். 'பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்' என்பதையும் அதே வழிகாட்டி மறுக்கிறது. நோயைத் தீர்ப்பதற்காக மட்டும் கர்ப்பத்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் அறிவுரை மருத்துவத்தின் பெயரால் தள்ளுபடியானது அங்கே.

சிவகங்கைச் சீமையில்

நோய் தெரிய உலகெங்கும் சராசரியாக ஏழு முதல் பத்து ஆண்டு ஆகிறது என்று சொல்லப்படுகிறது. 1970இல் சென்னையில் பிறந்து அமெரிக்காவில் தொலைக்காட்சித் தொகுப்பாளராகப் புகழ்பெற்ற பத்மா லட்சுமிக்குப் பதின்பருவத்திலேயே வலி தொடங்கியது. நோயின் பெயர் தெரிந்தது 36 வயதில். பணமும் நியூயார்க் மருத்துவமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவருக்கே அந்தக் கதி. 2009இல் அறுவை மருத்துவர் டாமர் செச்கினுடன் சேர்ந்து எண்டோமெட்ரியோசிஸுக்கென அமெரிக்காவில் ஓர் அறக்கட்டளையை அவர் தொடங்கினார்.

நம் பக்கத்துக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. முதலாவது காசநோய். இனப்பெருக்க உறுப்புகளில் வரும் காசநோய் இந்தியாவில் குழந்தையின்மைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அதுவும் வலியைத் தரும், ஒட்டுதலைத் தரும், எண்டோமெட்ரியோசிஸைப் போலவே சிஏ-125 என்ற ரத்தச் சோதனையின் அளவையும் உயர்த்தும். ஒன்றை மற்றொன்றாக நினைத்து வைத்தியம் பார்த்தால் ஆண்டுகள் வீணாகும். வெளிநாட்டு வழிகாட்டியை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாததற்கு இது நல்ல உதாரணம்.

இரண்டாவது ஸ்கேன். ஒரு காலத்தில் வயிற்றில் துளையிட்டு லேப்பராஸ்கோப்பியில் பார்த்தால்தான் நோய் உறுதி என்றார்கள். ஐரோப்பியச் சங்கத்தின் 2022 வழிகாட்டி அந்த நிபந்தனையைத் தளர்த்தி, ஸ்கேனையும் எம்ஆர்ஐயையும் முன்னே வைத்தது. ஆனால் ஸ்கேன் வகைகளில் ஆழமாகப் பதிந்த நோயைக் காட்டுவது பிறப்புவழி ஸ்கேன்தான். கல்யாணமாகாத பெண்ணுக்கு அதை இங்கே செய்ய மாட்டார்கள், குடும்பமும் விடாது. வயிற்றின் மேலிருந்து எடுத்த ஸ்கேனில் 'நார்மல்' என்று வந்துவிட்டால் விஷயம் அங்கே முடிந்தது. வலி சொல்லும் கதையைக் கேட்டு, ஸ்கேன் சரியாக இருந்தாலும் மருந்தைத் தொடங்கலாம் என்று அதே வழிகாட்டி அனுமதிக்கிறது. எம்ஆர்ஐயும் அனுபவமுள்ள மருத்துவரும் வேண்டுமென்றால் திருக்கோஷ்டியூர்க்காரர்கள் காரைக்குடிக்கோ, 2012இல் தொடங்கிய சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரைக்கோ போகலாம். போவதற்கு முன்பு, இது போக வேண்டிய வலி என்று வீட்டில் ஒருவர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஒப்புதலுக்கு வழி இங்கே ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 'புதுயுகம்' திட்டத்தின் கீழ் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு நாப்கின் கொடுக்கிறார்கள், பள்ளிகளில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தன் பகுதியின் வளரிளம் பெண்களைத் தெரியும். நாப்கின் கொடுக்கும் கையோடு அவர் சில கேள்விகளையும் கேட்கலாம். வலியால் பள்ளிக்கூடம் போகாத நாள் உண்டா? மாதவிலக்கு முடிந்த பிறகும் அடிவயிறோ இடுப்போ வலிக்கிறதா? அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர் போகிறதா? மாத்திரை போட்டும் வலி அடங்கவில்லையா? ஒன்றுக்கு ஆம் என்று வந்தாலே அந்தப் பெண் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டியவள். இதற்குப் புது இயந்திரமோ புதுப் பணியாளரோ தேவையில்லை, சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.

அது வரும்வரை அம்மாமார்களுக்கும் அப்பத்தாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகளின் வலியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்தத் தேதி, எத்தனை நாள், எந்த மாத்திரை, பள்ளிக்குப் போனாளா. மூன்று மாதம் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.